காசு: கோத்ததும் புதைத்ததும்

காசு என்றதும் இன்றைக்குப் பணம்தான் நினைவுக்கு வருகிறது. சங்கப் பாடல்களிலோ அது மாலையிலும் மேகலையிலும் கோக்கிற மணியாகவும் வருகிறது. குறுந்தொகை 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார், கிளியின் அலகில் இருக்கும் வேப்பம்பழத்துக்கு, புது நூலில் கோக்க ஒருவர் நகநுனியில் பிடித்த பொற்காசை உவமை சொல்கிறார். வேப்பம்பழம்போல் உருண்டு நீண்ட காசு நாணயமாக இருந்திருக்காது, மணிதான் என்பது என் துணிபு. கர்ஷம் என்ற வடமொழி எடைப்பெயரிலிருந்து சொல் வந்தது என்பாரும் உண்டு. எப்படி வந்திருந்தாலும், கழுத்தில் ஏறுகிற குணம் அதற்கு அன்றே இருந்தது.

நாணயமான காசும் இங்கே வந்து சேர்ந்தது. கொங்கு நாட்டுக் கொமரலிங்கம் ஊரைத் தொட்டு ஓடும் அமராவதி ஆறு கரூர்ப் பக்கம் போய்க் காவிரியில் கலக்கிறது. மேற்கே பாலக்காட்டுக் கணவாய். அந்த வழியாகத்தான் ரோம வெள்ளி கொங்குக்குள் நுழைந்தது. உடுமலை வட்டாரத்துப் பூதிநத்தத்தில் 1946இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் இருவருடைய காசுகள்.

அகஸ்டஸ் காசுகளில் இந்தியாவில் மிகுதியாகக் கிடைப்பது ஒரு வகை. பின்பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் நிற்பார்கள், நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும். அவர்கள் காயஸ், லூசியஸ். மகள் வயிற்றுப் பேரர்கள், தத்தெடுத்த வாரிசுகள். வாரிசுகளை ஊருக்குக் காட்டத்தான் கி.மு. 2 வாக்கில் அச்சடிக்கத் தொடங்கினார்கள். லூசியஸ் கி.பி. 2இலும் காயஸ் கி.பி. 4இலும் இறந்துபோக, கொண்டாட்டக் காசே நினைவுக் காசாகிவிட்டது. திபேரியஸ் காசிலோ 'தெய்வமாகிய அகஸ்டஸின் மகன்' என்றே எழுத்து. இறந்த தந்தையின் பேர் ஒவ்வொன்றிலும் உண்டு.

லத்தீன் எழுத்து இங்கே யாருக்கும் பொருட்டில்லை. இந்த இளைஞர்களை வைத்து இந்தியாவிலேயே போலிகளும் வார்த்தார்கள். அவற்றில் எழுத்துகள் வெறும் கோடுகளாகச் சிதைந்திருக்கும். பொன்னாக வந்தவற்றில் சில துளையிடப்பட்டுப் பதக்கமாயின.

புதுக்கோட்டை அருகே கருக்காக்குறிச்சியில் 1898இல் வெளிப்பட்ட 501 ரோமப் பொற்காசுகளின் கதை வேறு. பேரரசர் கிளாடியஸ் தன் இறந்த பெற்றோர் துரூசஸ், அந்தோனியா நினைவாக வெளியிட்டவையும் அவற்றில் உண்டு. பெரும்பாலானவற்றில் தலையின் குறுக்கே ஆழமான உளி வெட்டு. காசாகச் செல்லாமல் உலோகமாக மட்டும் நிற்கச் செய்த வெட்டு அது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

அந்தப் பொற்காசு ஒன்று ஏறக்குறைய எட்டு கிராம். காசுமாலைக்கு நாம் கணக்குப் பார்க்கும் பவுனும் எட்டு கிராம்தான். பிரிட்டிஷ் அரசி விக்டோரியா 1901இல் இறந்த பிறகும் அவர் தலை பொறித்த பவுன்களை நம் பெண்கள் கோத்து அணிந்தார்கள்.