இறகுப்பந்துக் கூடமும் நால்வகைத் தானமும்

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் எனத் தானத்தை நான்காக வகுத்தது அருக நெறி. செஞ்சி, மேல்சித்தாமூர்ப் பகுதிச் சமண இல்லங்களில் வளரும் பிள்ளைகளுக்கு இந்நான்கும் புதியன அல்ல. இவற்றுள் இறுதியாகிய சாத்திர தானம், அதாவது கல்விக்கொடை, ஏட்டோடு நின்றுவிடுவதன்று. உடற்கலை ஒன்றை முறையாகக் கற்பிக்க இடம் அமைத்துத் தருவதும் அதன்பாற்படும். ஐதராபாத்தில் புல்லேலா கோபிசந்த் எழுப்பிய இறகுப்பந்துப் பயிற்சிக் கூடத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அவர் சமணர் அல்லர். எனினும் அவ்வரலாற்றில் நம்மவர் எண்ணிப் பார்க்க வேண்டியவை பல உள.

இன்றைய இறகுப்பந்தின் விதிகள் 1870களில் புனேயில் இருந்த ஆங்கிலேயப் படை அலுவலரிடையே உருப்பெறத் தொடங்கின. ஆட்டம் பிறந்த நாட்டில் அதைக் கற்பிக்கும் நிலையான கூடம் அமைய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. பிரகாஷ் படுகோன் இளமையில் பயின்ற இடம் பெங்களூரு மல்லேசுவரத்துக் கனரா யூனியன் மண்டபம். அங்கே திருமணம் நடக்கும் நாள்களில் பயிற்சி இல்லை! அப்படிப் பயின்றவரே 1980இல் அனைத்து இங்கிலாந்துப் பட்டத்தை வென்ற முதல் இந்தியர் ஆனார். தாம் பெறாததைப் பிறர் பெறட்டும் என்று 1994இல் விமல் குமார் முதலியோருடன் பெங்களூருவில் பயிற்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார்.

அங்கும் பயின்றவர் கோபிசந்த். முழங்காலில் காயமுற்று அறுவை சிகிச்சைகளுக்கு உள்ளானவர், 2001 மார்ச்சில் சீனத்துச் சென் ஹாங்கை வென்று அதே பட்டத்தைக் கொணர்ந்தார். உடனே குளிர்பான நிறுவனம் ஒன்று விளம்பரத்திற்கு அழைத்தது. தாம் அருந்தாத பானத்தைப் பிள்ளைகள் அருந்தத் தூண்டுவதற்கு அவர் உடன்படவில்லை. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தை விளக்குவோர்க்கு இக்காலத்து எடுத்துக்காட்டு இதனினும் எளிதில் கிடைக்காது.

2003இல் அன்றைய ஆந்திர அரசு கச்சிபௌலியில் ஐந்து ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு அளித்தது. நிலம் கிடைத்ததேயன்றிக் கட்டடத்திற்குப் பொருள் இல்லை. குடும்பத்தார் குடியிருந்த வீட்டை அடமானம் வைத்தனர். தொழிலதிபர் நிம்மகட்ட பிரசாத் ஐந்து கோடி ரூபாய் ஈந்தார். ஒலிம்பிக்கில் இறகுப்பந்துப் பதக்கம் ஒன்று இந்தியாவுக்கு வரவேண்டும் என்பதே அவர் விதித்த நிபந்தனை. 2008இல் எட்டு ஆடுகளங்களுடன் கூடம் திறக்கப்பட்டது.

விடியுமுன்னே அங்குப் பயிற்சி தொடங்கிவிடும். 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன் சிந்துவின் கைப்பேசியை மூன்று மாதம் கோபிசந்த் வாங்கி வைத்துக்கொண்டார், பனிக்கூழுக்கும் தடை. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் ஐம்பத்தேழு நாள் அனசனம் நோற்ற சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டை அறிந்தோர்க்கு இவை சிறு கட்டுப்பாடுகளாகவே தோன்றும். முனிவர் துறந்தது வீடுபேற்றுக்காக. ஆட்டக்காரர் துறப்பது வெற்றிக்காக. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் புலனடக்கம் பழகினால் வரும் என்பது இரண்டிடத்தும் உண்மை.

நிபந்தனை நிறைவேறியது. 2012இல் இலண்டனில் சாய்னா நேவால் வெண்கலமும், 2016இல் சிந்து வெள்ளியும் வென்றனர். 2022இல் பாங்காக்கில் இந்தோனேசியாவை 3-0 என வென்று தாமஸ் கோப்பையை முதன்முறை கைப்பற்றிய அணியில் பெங்களூரு, ஐதராபாத் ஆகிய இரு கூடங்களின் மாணவரும் இருந்தனர்.

இனி அபயதானத்திற்கு வருவோம். இறகால் ஆன பந்தில் பதினாறு இறகுகள் இருக்கும். அவை வாத்தினங்களின் சிறகிலிருந்து எடுக்கப்படுவன. பெரிய போட்டியில் ஓர் ஆட்டத்திற்கே பல பந்துகள் சிதைகின்றன. நாள் முழுதும் பயிற்சி நடக்கும் கூடத்தில் எத்தனை ஆகும்! இறைச்சிக்கென வளர்க்கும் பறவைகளின் இறகுதானே என்பர் சிலர். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்டோர்க்கு அவ்விடை நிறைவளிக்காது. திகம்பர முனிவர் ஏந்தும் பீலிகூட மயில் தானே உதிர்த்த தோகையால் ஆனதன்றோ?

ஆட்டவிதியில் இதற்குத் தடையேதும் இல்லை. செயற்கைப் பொருளாலும் பந்து அமையலாம் என்றே அது கூறுகிறது. பள்ளிகளில் நைலான் பந்து நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. பன்னாட்டுப் போட்டிகளிலும் 2021 முதல் செயற்கை இறகுப்பந்தைப் பயன்படுத்தலாம் என உலகக் கூட்டமைப்பு இசைந்தது. எனினும் முதல்நிலை ஆட்டக்காரர் இன்னும் இயற்கை இறகையே விரும்புகின்றனர்.

காற்று வீசினால் பந்து திசை மாறும் என்பதாலேயே இவ்வாட்டம் கூரைக்குள் புகுந்தது. நம் பள்ளித் திடல்களில் கம்பளி நூற்பந்து கொண்டு ஆடும் பூப்பந்து வேரூன்றியதற்கும் காற்று ஒரு காரணம். 2019இல் அதே கூட்டமைப்பு வெளியரங்குக்கென ஏர் பேட்மிண்டனைச் சீனத்துக் குவாங்சோவில் அறிமுகம் செய்தது. அதன் பந்தில் இறகு இல்லை. மிதமான காற்றையும் தாங்கும். புல்லிலும் மணலிலும் கட்டாந்தரையிலும் ஆடலாம். இராசகிரியின் அடிவாரத்துப் பிள்ளைகள் மட்டையைப் பிடிக்கப் பழகுவதற்குக் கச்சிபௌலியைப் போன்றதொரு கூடம் எழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.