சோழமண்டலச் சித்திரத்துணியும் மத்தீஸின் செந்நிற அறையும்

முன்னுரை

மேலைநாட்டுக் கலை வரலாற்றில் ஓவியமும் துணியும் நெடுங்காலம் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்படவில்லை. ஓவியம் நுண்கலை எனப்பட்டது. துணியில் அமைந்த பூவும் கொடியும் வெறும் அணிவேலை எனப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பாகுபாட்டை அசைத்தவர்களுள் பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் (1869-1954) குறிப்பிடத்தக்கவர். அவருடைய ஓவியத்தில் இடம்பெற்ற துணி ஒன்றின் பெயரைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் சென்றால், சோழமண்டலக் கரையைச் சென்றடையலாம். அவ்வரலாற்றுத் தொடர்பினை இக்கட்டுரை ஆராய்கின்றது.

நெசவூரில் வளர்ந்த ஓவியர்

மத்தீஸ் நெசவாளர் வழிவந்தவர். அவர் வளர்ந்த பொஹேன் என்னும் வடபிரெஞ்சு ஊர், பாரிஸ் நகரத்திற்கு உயர்வகைத் துணிகளை நெய்தனுப்பிய ஊராகும். வாழ்நாள் முழுவதும் அவர் பல நாட்டுத் துணிகளைத் திரட்டி வைத்திருந்தார். அத்துணிகளையும் அவருடைய ஓவியங்களையும் ஒருசேர வைத்து 2004-2005 ஆம் ஆண்டுகளில் பிரான்ஸ், இலண்டன், நியூயார்க் ஆகிய இடங்களில் நடந்த கண்காட்சி, அத்திரட்டு அவருடைய கலைக்கு அடிப்படையாக இருந்ததை வெளிப்படுத்தியது.

அத்துணிகளுள் ஒன்று, நீலக் கொடிகளும் பூக்கூடைகளும் கொண்டது. மத்தீஸ் அதனை ‘ஜூயித் துணி’ என்றே அழைத்தார். 1908இல் அவர் தீட்டிய ‘சிவப்பில் இசைவு’ என்னும் ஓவியத்தில் அத்துணியின் கொடிகள் மேசை விரிப்போடு நில்லாமல் சுவரிலும் படர்கின்றன. மேசை எங்கு முடிகிறது, சுவர் எங்குத் தொடங்குகிறது என்பதே மங்கிப்போகின்றது. பின்னணியாக இருந்த கோலம் ஓவியத்தின் கட்டமைப்பாகவே மாறிவிடுகின்றது. முதலில் நீல நிறத்தில் அமைந்திருந்த இவ்வோவியத்தை மத்தீஸ் பின்னர்ச் சிவப்பாக மாற்றினார். இதனை வாங்கிய செர்கேய் ஷூக்கின், மாஸ்கோவின் துணி வணிகர் என்பதும் நோக்கத்தக்கது.

ஜூயித் துணியின் முன்வரலாறு

‘ஜூயி’ என்பது பாரிஸுக்கு அருகிலுள்ள ஊர். அங்கு 1760இல் ஓபர்காம்ப் என்பவர் பருத்தித் துணி அச்சிடும் ஆலையை நிறுவினார். அவ்வாலை தோன்றியதற்கான காரணம் இந்தியத் துணிகளேயாகும். பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவின் வண்ணப் பருத்தித் துணிகள் பிரான்சில் பெருவிருப்பத்தைப் பெற்றன. உள்நாட்டுப் பட்டு, கம்பளி நெசவாளர்களைக் காக்கும் பொருட்டு, 1686இல் பிரெஞ்சு அரசு அவற்றின் இறக்குமதியையும் அவற்றைப் போன்று உள்நாட்டில் அச்சிடுவதையும் தடைசெய்தது. 1759இல் தடை நீங்கியது. மறு ஆண்டே ஜூயி ஆலை எழுந்தது.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். மத்தீஸ் வைத்திருந்த துணி தமிழகத்தில் தீட்டப்பட்டதன்று. அதன் பூக்கூடைகளும் இந்தியக் கோலங்கள் அல்ல. ஜூயி ஆலையில்தான் அது அச்சிடப்பட்டது என்று கொள்ள வேண்டுவதும் இல்லை. பெயரே இங்குச் சான்றாகின்றது. இந்தியத் துணிக்கு மாற்றாக எழுந்த தொழிலின் பெயர், பிரெஞ்சு இல்லங்களில் வண்ணத் துணிக்கே பெயராகிவிட்டது.

கடுக்காயும் சாயவேரும்

பிரெஞ்சுக்காரர் வியந்தது கோலத்தை மட்டுமன்று. துவைத்தாலும் மங்காத நிறத்தையுமாகும். அந்நுட்பத்தை அறிய அவர்கள் சோழமண்டலக் கரைக்கே வந்தனர். 1734 அளவில் புதுச்சேரியில் பொல்யே என்னும் கடற்படை அதிகாரி, வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டை வெட்டிச் சேர்த்துக் குறிப்பெழுதினார். 1742இல் ஏசு சபைப் பாதிரியார் கெர்தூ இத்தொழிலை விரிவாக விளக்கிக் கடிதம் எழுதினார். சமஸ்கிருதத்திற்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவைப் பின்னாளில் சுட்டியவரும் இவரே.

துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்ப்பர். பாலின் கொழுப்பு, தீட்டும் கரைசல் பரவாமல் காக்கும். இரும்புக் கரைசலால் கருங்கோடு வரைவர். சிவக்க வேண்டிய இடங்களில் படிக்காரக் கரைசலைத் தீட்டுவர். படிக்காரத்திற்குச் சொந்த நிறமில்லை. துணியைச் சாயவேர் நீரில் கொதிக்க வைக்கும்போதே சிவப்புத் தோன்றும். நீலம் ஏற்ற வேண்டின், பிற இடங்களை மெழுகால் மூடி, துணியை அவுரிச் சாயத்தில் தோய்ப்பர். ஆகவே, வரைபவர் கண்முன் இல்லாத நிறத்தை மனத்தில் கண்டே தீட்ட வேண்டும். ஜூயியில் மரஅச்சும் 1770 முதல் செப்புத் தகடும் செய்த வேலையை இங்குக் கையே செய்தது.

முடிவுரை

குறிப்பெழுதிய அதிகாரியின் பெயரும் பாதிரியாரின் பெயரும் ஆலை முதலாளியின் பெயரும் வரலாற்றில் நிலைத்தன. துணியில் தீட்டியவர்களின் பெயர்களோ பெரும்பாலும் நிலைக்கவில்லை. அவர்கள் செய்ததைக் ‘கைவினை’ என்று மட்டும் வகைப்படுத்தியதும் இதற்கொரு காரணம் எனலாம். மத்தீஸ் துணியின் கோலத்தை ஓவியமாக்கினார் என்று கூறும் கலை வரலாறு, துணியே ஓவியமாக இருந்த மரபையும் உடன் கூறுதல் வேண்டும். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சைப் பகுதிக் கலை, ‘கருப்பூர் கலம்காரி ஓவியம்’ என்னும் பெயரிலேயே பதிவாகியுள்ளது. அப்பெயரில் உள்ள ‘ஓவியம்’ என்னும் சொல், நம் பாடநூல்களிலும் வகுப்பறைகளிலும் இடம்பெற வேண்டிய சொல்லாகும்.