விமானம் ரெடி, எரிபொருள் எங்கே?

2020-ல் ஏர்பஸ், "2035-க்குள் ஹைட்ரஜன் விமானம்" என்று அறிவிச்சப்போ நான் முதல்ல தேடினது இன்ஜின் டிசைனை. தேட வேண்டிய இடம் அது இல்லைன்னு பழைய கதை ஒண்ணு புரியவெச்சது.

1956. அமெரிக்க விமானப்படையின் ரகசியத் திட்டம், பெயர் 'சன்டான்'. லாக்ஹீடின் கெல்லி ஜான்சன் வடிவமைச்ச உளவு விமானம் திரவ ஹைட்ரஜனில் பறக்கணும். இன்ஜின் சோதனையில் ஓடிடுச்சு. ஆனா ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் வைக்கணும். அதே ஆற்றலுக்கு மண்ணெண்ணெயைவிட சுமார் 4 மடங்கு இடம் வேணும். பறக்கும் தூரம் போதலை. புளோரிடாவில் திரவமாக்கும் ஆலை கட்டினாங்க, சரி. விமானம் இறங்குற மற்ற தளங்களில்? கடைசியில் ஜான்சனே திட்டத்தை நிறுத்தச் சொல்லிட்டார்.

1988 ஏப்ரல் 15-ல் சோவியத்தின் டியு-155, ஒரு இன்ஜின் ஹைட்ரஜனில் ஓட, பறந்தே காட்டியது. அதுவும் சோதனையோடு சரி.

2025-ல் ஏர்பஸும் 2035 இலக்கைத் தள்ளிப்போட்டது. தேவையான ஹைட்ரஜன் கட்டமைப்பு எதிர்பார்த்த வேகத்தில் வளரலையாம். பசுமை ஹைட்ரஜன்னா தண்ணீரைப் பிரிக்க காற்றாலை, சூரிய மின்சாரமும் சேர்ந்து வேணும்.

கோட் எழுதி முடிச்சிட்டு சர்வர் தேடுற கதைதான். அடுத்த முறை அழகான விமானப் படம் வந்தா ஒண்ணு கேளுங்க: இறங்குற ஊர்ல டேங்க்கை யார் நிரப்புவாங்க?