ஆபிட்ஸ் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு வைரம்: சிறுநகர மர்மக் கதைகளை வாசிக்க ஒரு வழி

ஹைதராபாத்தின் ஆபிட்ஸ் பகுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். மூடிய கதவுகளுக்கு முன்னால், நடைபாதை நெடுகப் பழைய புத்தகங்கள் விரிக்கப்பட்டிருக்கும். பாடநூல்களுக்கும் தேர்வு வழிகாட்டிகளுக்கும் நடுவே, அட்டை தளர்ந்த ஆங்கிலத் துப்பறியும் நாவல்களும் அங்கே குவிந்து கிடக்கும். அவற்றைப் புரட்டிப் பார்ப்போரில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அவர்கள் நிற்கும் இடத்தின் பெயரே ஓர் உண்மையான மர்மக் கதையின் பாத்திரத்திடமிருந்து வந்தது. ஆல்பர்ட் ஆபிட் என்பவர் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் அந்தரங்கப் பணியாளர், ஆர்மீனியர், அரசரின் உடைகளுக்கும் அணிகளுக்கும் பொறுப்பாளர். அவர் இப்பகுதியில் நடத்திய கடையின் பெயரே நாளடைவில் ஊரின் ஒரு பகுதிக்குப் பெயராயிற்று. 1891இல் உலகின் பெரிய வைரங்களுள் ஒன்று நிஜாமிடம் விலை பேசப்பட்டபோது, இடையில் நின்றவர்களில் அவரும் ஒருவர்.

அந்த வைரத்தின் வழக்கை அறிந்தபின் சிறுநகர மர்மக் கதைகளை வாசிப்பது வேறு வகையான அனுபவம்.

ஆங்கிலத்தில் ‘கோஸி மிஸ்டரி’ என்று வழங்கும் கதைவகைக்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இல்லை. இதமான மர்மக் கதை என்று கொள்ளலாம். ஒரு சிற்றூர் அல்லது சிறுநகரம். ஒருவரையொருவர் அறிந்த மனிதர்கள். நடுவே ஒரு திருட்டோ கொலையோ. குருதியைக் கதை விரித்துக் காட்டாது. துப்பறிபவர் பெரும்பாலும் காவல்துறையைச் சேராதவர்: ஒரு முதியவள், ஒரு பாதிரியார், ஒரு கடைக்காரர். கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி யார் என்பது ஐயமறத் தெரிந்துவிடும். ஊர் பழைய அமைதிக்குத் திரும்பும். நோயுற்ற நாள்களிலும் துயரமான மாதங்களிலும் மக்கள் இக்கதைகளைத் தேடிப் போவதற்கு அந்த வாக்குறுதியே காரணம். இதை இழிவாகக் கருத வேண்டியதில்லை. ஆறுதல் தருவதும் இலக்கியத்தின் பணியே.

ஆனால் இந்த ஆறுதலின் வேர் எங்கே ஓடுகிறது என்று தேடினால், அது தென்னிந்தியாவில் வந்து முடிகிறது.

வில்கி காலின்ஸின் ‘தி மூன்ஸ்டோன்’ 1868இல் ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ இதழில் தொடராக வந்தது. ஆங்கிலத்தின் நவீனத் துப்பறியும் நாவல்களுள் முதலாவதும் சிறந்ததும் அதுவே என்று டி. எஸ். எலியட் பிற்காலத்தில் மதிப்பிட்டார். கதை தொடங்குவது இங்கிலாந்தில் அன்று. 1799 மே மாதத்தில், திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த நாளில். ஓர் ஆங்கிலேய அதிகாரி காவலர்களைக் கொன்று ஒரு வைரத்தைக் கவர்கிறான். கோயில் விக்கிரகத்தின் நெற்றியிலிருந்து பெயர்க்கப்பட்டதாகக் கதை கூறும் வைரம் அது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து அது யார்க்ஷயர் கடற்கரையோரத்து மாளிகை ஒன்றில், ஓர் இளம்பெண்ணின் பிறந்தநாள் பரிசாக வந்து சேர்கிறது, அன்றிரவே காணாமற்போகிறது. அருகிலேயே சுற்றிக்கொண்டிருந்த மூன்று இந்தியரை உள்ளூர் அதிகாரிகள் உடனே சிறையில் அடைக்கிறார்கள். பின்னர் லண்டனிலிருந்து வரும் சார்ஜெண்ட் கஃப், ரோஜாச் செடிகளில் பித்துக்கொண்ட மனிதர், கதவில் காயாத வண்ணத்தின்மேல் படிந்த ஒரு சிறு தீற்றலைப் பார்த்து, விடையை வீட்டுக்குள்ளேயே தேடத் தொடங்குகிறார்.

பின்வந்த நூற்றைம்பது ஆண்டு மர்மக் கதைகளுக்கு வேண்டிய கூறுகள் பலவும் இந்நாவலில் இருக்கின்றன: நாட்டுப்புற மாளிகை, குறுகிய ஐயப்பாட்டு வட்டம், விசித்திரப் பழக்கமுள்ள துப்பறிவாளர், அற்பமாகத் தோன்றும் தடயம். கூடவே, பின்வந்தோர் பலர் கைவிட்ட ஒன்றும் இருக்கிறது. அந்த வைரம் யாருடையது என்ற கேள்வியைக் காலின்ஸ் மறக்கவில்லை. வீட்டின் மர்மம் தீர்ந்த பிறகும் கதை முடிவதில்லை. அதன் இறுதிக் காட்சி இந்திய மண்ணில் நிகழ்கிறது.

அடுத்த தலைமுறையில் நிலைமை மாறத் தொடங்கியது. 1890இல் வந்த ஆர்தர் கோனன் டாயிலின் ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில் ஆக்ராவின் புதையல் தேம்ஸ் நதியில் கொட்டப்படுகிறது. அது உரியவரிடம் திரும்புவது பற்றிய கவலை கதைக்கு இல்லை. 1930இல் ‘தி மர்டர் அட் தி விகாரேஜ்’ நாவலோடு மிஸ் மார்ப்பிளின் செயிண்ட் மேரி மீட் கிராமம் நிலைபெற்ற காலத்தில், ஆங்கில மர்மக் கதைகளில் இந்தியா என்பது பெரும்பாலும் ஓய்வுபெற்ற கர்னல்களின் பழங்கதையாகவும் வரவேற்பறையின் பித்தளைப் பொருள்களாகவும் சுருங்கிவிட்டது. செல்வம் இருந்தது, அது வந்த வழி கதைக்கு வெளியே போய்விட்டது. கிராமத்தின் அமைதி இயற்கையானது என்று வாசகரை நம்பவைக்க, அந்த வழி மறைந்திருக்க வேண்டியிருந்தது.

ஹைதராபாத்தின் வைர வழக்கு இந்த இரண்டு காலங்களுக்கும் இடையே நிகழ்ந்தது. அதன் நாயகர் வாழ்ந்த இடமும் ஒரு சிறுநகரமே.

சிம்லா கோடைக்காலத்தில் பேரரசின் தலைநகர். மற்ற மாதங்களில் ஒரு மலையூர். அங்கே அலெக்சாண்டர் மால்கம் ஜேக்கப் என்பவர் நகைகளும் அரும்பொருள்களும் விற்றுவந்தார். அவர் உதுமானியத் துருக்கியிலிருந்து வந்தவர். அவருடைய பிறப்பைப் பற்றியும், மந்திர ஆற்றலைப் பற்றியும், உளவுத் தொடர்புகளைப் பற்றியும் ஊரில் பலவாறாகப் பேசிக்கொண்டார்கள். எழுத்தாளர்களுக்கு இப்படி ஒரு மனிதர் கிடைப்பது அரிது. மரியன் கிராஃபோர்டு 1882இல் ‘மிஸ்டர் ஐசக்ஸ்’ நாவலில் அவரைப் பாத்திரமாக்கினார். ருட்யார்ட் கிப்ளிங் 1901இல் ‘கிம்’ நாவலின் லர்கன் சாகிபாக அவரை வார்த்தார். நோயுற்ற முத்துகளுக்கு மருத்துவம் செய்பவராகவும், சிறுவர்களுக்கு உளவுக் கண் பயிற்றுபவராகவும் லர்கனை அந்நாவல் காட்டுகிறது.

ஜேக்கப் 1891இல் நிஜாமிடம் விலை பேசிய வைரம் தென்னாப்பிரிக்காவில் எடுக்கப்பட்டு ஐரோப்பாவில் பட்டை தீட்டப்பட்டது. சுமார் 185 காரட். கல் அப்போது லண்டனில் இருந்தது. எனவே ஒரு மாதிரி வடிவத்தைக் காட்டியே பேரம் நடந்தது. விலை 46 லட்சம் ரூபாய் என்று பேசி, அதில் பாதியான 23 லட்சம் முன்னதாகச் செலுத்தப்பட்டது. அந்தப் பணம்தான் வழக்கின் முடிச்சு. கல்லைப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திரும்ப வரவேண்டிய வைப்புத்தொகையா அது? அல்லது முடிந்துவிட்ட விற்பனையின் ஒரு பகுதியா? வைரம் வந்தது. நிஜாம் வேண்டாம் என்றார். ஜேக்கப்போ பணத்தை ஏற்கெனவே கல்லைப் பெறுவதற்குச் செலவிட்டிருந்தார்.

இதமான மர்மக் கதை இந்த இடத்தில் கதவுகளைச் சாத்திக்கொள்ளும்: அரசர், வணிகர், பணியாளர் என்று மூவரை ஓர் அறையில் அமர்த்தி, யார் பொய் சொல்கிறார் என்று கேட்கும். ஆனால் அந்த அறையில் நாலாவதாக ஒருவரும் இருந்தார். ஆபிட்ஸிலிருந்து நடந்தே போகக்கூடிய கோட்டியில், பெருந்தூண்களோடு நிற்கும் ரெசிடென்சி மாளிகையில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் வீற்றிருந்தார். நிஜாமின் அரசு நிதி நெருக்கடியில் இருக்கும்போது இப்படியொரு கல்லை வாங்குவதை ஆங்கிலேய அரசு விரும்பவில்லை. இருபத்தைந்து வயதான ஓர் அரசர் தம் சொந்த விருப்பத்தால் வைரத்தை மறுத்தாரா, மேலிடத்தின் நெருக்குதலால் மறுத்தாரா என்ற கேள்வியைத் தீர்க்க எந்த வண்ணத் தீற்றலும் உதவாது.

நம்பிக்கைமோசடிக் குற்றச்சாட்டில் ஜேக்கப் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். நிஜாமும் சாட்சியம் அளிக்க நேர்ந்தது; அதற்கென அமைந்த ஆணையம் ஹைதராபாத்துக்கே வந்து அவரை விசாரித்தது. தம் நாட்டில் தாமே நீதியின் ஊற்றாக விளங்கிய ஒருவர், ஆங்கிலேய வழக்கறிஞர்களின் கேள்விகளுக்கு விடை சொன்னார். முடிவில் ஜேக்கப் விடுதலையானார்.

விடுதலையோடு கதை நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். அப்படி முடியவில்லை. பின்னர் ஏற்பட்ட உடன்பாட்டில் வைரம் நிஜாமிடமே வந்து சேர்ந்தது. குற்றமற்றவர் என்று தீர்ப்புப் பெற்ற ஜேக்கப்பின் வணிகம் சிதைந்தது. 1921இல் பம்பாயில் வறிய நிலையில் இறந்தார். மஹபூப் அலி கான் அந்தக் கல்லை விரும்பி அணிந்ததாகச் செய்தி இல்லை. அவர் 1911இல் மறைந்தபின், பழைய காலணி ஒன்றின் நுனியில் அதைக் கண்டெடுத்த மகன் உஸ்மான் அலி கான், தாள்கள் பறக்காமலிருக்க அதை மேசைமேல் எடையாக வைத்திருந்தார் என்பது ஹைதராபாத்தில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் வரலாறு. 1995இல் இந்திய அரசு நிஜாமின் நகைத் தொகுதியை 218 கோடி ரூபாய்க்கு வாங்கியபோது வைரமும் அதனுடன் நாட்டுடைமையானது. 2001இல் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. இன்று அதன் பெயர் ஜேக்கப் வைரம். வாங்கியவரின் பெயர் அதில் இல்லை. அதனால் அழிந்தவரின் பெயர் நிலைத்துவிட்டது.

இந்த வழக்கிலிருந்து கிடைக்கும் வாசிப்புப் பாடம் எளியது. மர்மக் கதையின் இதம் அது வரையும் வட்டத்தைப் பொறுத்தது. வட்டத்துக்குள் குற்றவாளி அகப்படுவார். வட்டத்துக்கு வெளியே நிற்கும் அதிகாரம் ஐயப்பாட்டுப் பட்டியலில் இடம்பெறாது. சிறுநகர மர்மத் தொடர்களைத் தேடுவோர், அந்த வட்டத்தை ஒவ்வொருவரும் எப்படி வரைந்தார்கள் என்று பார்த்தபடி கீழ்வரும் வரிசையில் வாசிக்கலாம்.

முதலில் ‘தி மூன்ஸ்டோன்’. நீளமானது, ஆனால் முதிய பணியாள் பெட்டரெட்ஜ் பேசத் தொடங்கியபின் நூலை மூடுவது கடினம். வட்டத்தை வரைந்து, பின் தானே அதைத் திறந்துவிடும் நாவல் இது.

அடுத்து மிஸ் மார்ப்பிள் தொடர். ‘தி மர்டர் அட் தி விகாரேஜ்’ நாவலில் தொடங்கி, 1976இல் வெளிவந்த ‘ஸ்லீப்பிங் மர்டர்’ வரை செல்லலாம். பின்னதில் இந்தியாவில் பிறந்து இங்கிலாந்தில் ஒரு சிறுநகரத்தில் குடியேறும் இளம்பெண், தான் புதிதாக வாங்கிய வீட்டை முன்பே அறிந்திருப்பதாக உணர்கிறாள்; மறைந்துபோன காலனிய வழி அங்கே ஒரு கணம் தலைகாட்டுகிறது.

மூன்றாவதாக சத்யஜித் ராயின் ஃபெலுடா தொடர். 1965இல் ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் தொடங்கிய முதற்கதை டார்ஜிலிங்கில் நிகழ்கிறது. ஒரு மிரட்டல் கடிதம், ஒரு முதியவர், ஒரு பழைய மனத்தாங்கல், அவ்வளவே, கொலை இல்லை. வெள்ளையர் ஓய்வெடுக்கக் கட்டிய மலையூரை வங்காளச் சிறுவன் ஒருவனின் கண்ணால் ராய் தமதாக்கிக்கொண்டார். அடுத்துவந்த ‘பாதஷாஹி ஆங்டி’ கதையில் ஔரங்கசீப்பின் மோதிரம் லக்னோவின் வீடொன்றிலிருந்து மறைகிறது. மூன்ஸ்டோனின் பேத்தி போன்ற கதை அது. ஆனால் இம்முறை நகை நாட்டைவிட்டுப் போவதில்லை.

நான்காவதாக ரஸ்கின் பாண்டின் மிஸ் ரிப்ளி-பீன் கதைகள். 2016இல் வந்த ‘டெத் அண்டர் தி டியோடார்ஸ்’ தொகுப்பில், பேரரசு போனபின் முசூரியின் விடுதியொன்றில் தங்கிவிட்ட முதியவள் துப்பறிகிறாள். மிஸ் மார்ப்பிளுக்கு நாடு இல்லாமற்போனால் எப்படியிருக்கும் என்பதற்கு இக்கதைகள் மெல்லிய சிரிப்போடு விடை சொல்கின்றன.

தமிழில் இருவர். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘கும்பகோணம் வக்கீல்’ காவிரிப் பாசனச் சிறுநகரத்தை மர்மக் களமாக்கிய நாவல். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் அதைத் ‘திகம்பர சாமியார்’ என்று படமாக்கியது, எம். என். நம்பியார் பல வேடங்களில் தோன்றினார். சட்டத்தின் மனிதரான வக்கீலே தீயவர். வழக்கைத் தீர்ப்பவர் சாமியார். நீதிமன்றத்துக்கும் நீதிக்கும் இடையிலான தூரத்தை ஐயங்கார் நன்கறிந்திருந்தார். அதிகாரத்தை வட்டத்துக்குள்ளேயே நிறுத்திய துணிவு அந்நாவலுக்கு உண்டு. இன்னொருவர் தேவன். ஆனந்த விகடனில் அவர் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’ சென்னைக் கதைதான். ஆயினும் அதன் உலகம் ஒரு சிற்றூரின் அளவுதான். அறிவாற்றலால் அன்றி அதிர்ஷ்டத்தால் துப்புத் துலக்கும் வங்கிக் குமாஸ்தா சாம்பு, துப்பறிவாளர் எல்லாம் அறிந்தவர் என்ற நம்பிக்கையையே கேலி செய்கிறார். மனம் சோர்ந்த நாளில் தொடங்குவதற்கு இதைவிட ஏற்ற தொடர் இல்லை.

இக்கதைகளை வாசிப்போர் ஆறுதலைத் துறக்க வேண்டியதில்லை. குற்றவாளி பிடிபடும் பக்கத்தில் வரும் நிம்மதி உண்மையானதே. அந்தப் பக்கத்தை முடித்தபின் இன்னொரு கேள்வியை மட்டும் கூடவே கேட்டுப் பார்க்கலாம்: இந்த ஊரில் விசாரிக்கப்படாமலே விடப்பட்டவர் யார்? சிம்லாவின் நகை வணிகரை விசாரித்தார்கள், நிஜாமையும் விசாரித்தார்கள். ரெசிடென்சியின் தூண்களுக்குப் பின்னால் இருந்தவரை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.