தத்துவ வாத்தியாரும் மரபணுக் கணக்கும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்ட மேட்டர் இது. எலக்ட்ரிகல் படிக்கும்போது, பக்கத்துக் கட்டடத்துல நடக்கற உயிரியல் வகுப்புல போய் உட்காரட்டுமான்னு ஒரு வாத்தியார்கிட்ட கேட்டேன். "மொதல்ல உன் அரியரை முடி"ன்னுட்டார். (மூணு அரியர். அவர் சொன்னதும் நியாயம்தான், ஹிஹி.)

அந்தச் சுவர்கள் இல்லாத ஓர் இடம் 1950களின் பிற்பகுதியிலேயே இருந்திருக்கு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம். தொடங்கினவங்கள்ல முக்கியமானவர் ஆர்தர் பர்க்ஸ், தத்துவப் பேராசிரியர். தத்துவக்காரருக்கு இங்க என்ன வேலைன்னு கேக்கறீங்களா? போர்க்காலத்துல எனியாக் கணினியை வடிவமைச்ச குழுவில் இருந்தவர் அவர். வான் நாய்மன் 1957ல் இறந்தப்போ பாதியில் நின்ற, தன்னைத்தானே பிரதியெடுக்கும் இயந்திரங்கள் பற்றிய புத்தகத்தை முடிச்சு 1966ல் வெளியிட்டவரும் அவரே.

அந்தப் பட்டமேற்படிப்புக்குப் பேர் 'தொடர்பு அறிவியல்'. தர்க்கம், மொழியியல், உளவியல், மின்னியல் எல்லாம் ஒரே பந்தியில். அங்கே 1959ல் முனைவர் பட்டம் வாங்கினவர் ஜான் ஹாலண்ட். கணித நூலகத்துல சும்மா அலமாரிகளை மேய்ஞ்சிட்டிருந்தப்போ, இயற்கைத் தேர்வை சமன்பாடுகளால் விளக்கும் ரொனால்ட் ஃபிஷரின் 1930ம் வருஷப் புத்தகம் அவர் கையில் சிக்குது. பரிணாமத்தைக் கணக்காப் போட முடியும்னா, கணினியிலும் ஓட்டலாமே! விடைகளை எழுத்துச்சரங்களா வச்சு, நல்லதை ரெண்டு ரெண்டா கலந்து, அங்கங்கே கொஞ்சம் மாத்தி, தலைமுறை தலைமுறையா வளர்க்கற மரபணு நெறிமுறை பிறந்த கதை இதுதான். 1975ல் அது புத்தகமாச்சு. 2006ல் நாசா அனுப்பின எஸ்டி5 விண்கலங்களோட ஆன்டெனாகூட இந்த வழியில் 'வளர்ந்தது'தான்.

தரவுத்தளத்தின் தந்தை எட்கர் காட் தெரியும்ல? அவரும் இங்கே 1965ல் முனைவர் ஆனவர்தான். ஆய்வு? தன்னைப் பிரதியெடுக்கும் செல் தானியங்கிகள்!

சோகம் என்னன்னா, 1984ல் அந்தத் துறையைப் பொறியியல் கல்லூரியின் மின்னியல் துறையோட இணைச்சிட்டாங்க. பழைய பந்தி கலைஞ்சது. ஆனா ஹாலண்ட் உளவியல், கணினி ரெண்டுக்கும் பேராசிரியராவே இருந்தார். 1999ல் அதே மிச்சிகனில் சிக்கலான அமைப்புகளுக்குன்னு தனி மையமும் வந்துச்சு. அவர் 2015ல் மறைஞ்சார்.

துறைக்கு எல்லை போட்டது நிர்வாக வசதிக்கு. கேள்விகளுக்கு அது தெரியாது. ஹாலண்ட் மட்டும் தன் அலமாரியோட நின்னிருந்தா?

உங்களுக்கும் இப்படிப் பக்கத்து வகுப்பு ஆசை இருந்துச்சா? வந்து சொல்லிட்டுப் போங்க மக்களே.