நெக்ரிலின் இரவும் கரும்பும்



ஜமைக்காத் தீவின் மேற்கு முனையில் நெக்ரில் என்னும் கடற்கரை ஊர் உள்ளது. மீனவர் கிராமமாக இருந்த அவ்வூரின் பாறை விளிம்பில், 1974-இல் 'ரிக்ஸ் கஃபே' என்னும் மதுக்கூடம் திறக்கப்பட்டது. கதிரவன் மறைவதைக் காணவும், ரம் அருந்தி இசை கேட்கவும் அயல்நாட்டார் திரண்டனர். 1988-இல் கில்பர்ட் புயலும் 2004-இல் ஐவன் புயலும் அதைச் சிதைத்தும், அது மீண்டும் எழுந்தது.

அந்தக் கோப்பையின் வரலாற்றையே நான் எண்ணிப் பார்க்கிறேன். ரம், கரும்புப் பாகிலிருந்து வடிப்பது. அக்கரும்பை முதலில் பயிரிட்டவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1838-இல் அவர்கள் முழு விடுதலை பெற்றதும், 1845 முதல் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக இறக்கப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகச் சென்றவர்கள். சென்னையிலிருந்து சென்றோரும் உண்டு. ரிக்ஸ் கஃபே அமைந்த அதே வெஸ்ட்மோர்லாந்து வட்டாரத்தில்தான் ஃபுரோம் சர்க்கரைத் தோட்டமும் உள்ளது. 1938-இல் அங்கே தொழிலாளர் கூலிக்காகக் கிளர்ந்தெழுந்தபோது, போலீசார் சுட்டுச் சிலர் மாண்டனர். ஜமைக்காவின் தொழிற்சங்க இயக்கம் வலுப்பெற அந்த எழுச்சி வழிவகுத்தது.

பால்மரக் காட்டையும் கள்ளுக்கடையையும் கண்ட நமக்கு இது அயலார் கதையன்று. சுற்றுலா விளம்பரத்தில் இரவு விளக்குகள் மட்டுமே தெரியும். கரும்பு வெட்டிய கைகளை மாணவர்க்குக் காட்டுவது நம் கடமை என்பேன்.