பழம் புகைவண்டிப் பெட்டியும் பதிப்பு நெறியும்

உடையார்பாளையத்திற்கு இருப்புப்பாதை இல்லை. இவ்வூரார் வண்டியேற அரியலூர் முதலிய நிலையங்கட்குச் செல்வர். அரியலூர் வழியாக விழுப்புரத்தையும் திருச்சிராப்பள்ளியையும் இணைக்கும் குறுக்குப்பாதை 1920களின் இறுதியில் அமைந்தது. அதற்கு முன்னர்க் கொள்ளிடத்திற்குத் தெற்கே கும்பகோணத்தின் வழிச் செல்லும் பாதையே இப்பகுதியார்க்கு அணித்தாயிருந்தது. அப்பாதைகளில் மக்களைச் சுமந்து சென்ற மரப்பெட்டிகளைப் பற்றியும், எஞ்சிய பழம் பெட்டிகளைப் புதுக்குவோர் கைக்கொள்ளத்தக்க நெறி பற்றியும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தென்னாட்டு மக்கட்பெட்டியின் வரலாறு நாகப்பட்டினத்தோடு நெருங்கியது. அங்கிருந்து தஞ்சாவூர்க்கு 1861இல் பாதை திறக்கப்பட்டது. பணிமனையும் அந்நகரிலேயே இருந்து, 1928இல் பொன்மலைக்குப் பெயர்ந்தது. பழைய பெட்டியின் அடிச்சட்டம் இரும்பாலாயது. அதன்மேல் தேக்குக் கால்களை நிறுத்திப் பலகை தைப்பர். கூரைப் பலகையின்மேல் ஈயவெள்ளை பூசி, கித்தான் துணியை இழுத்து ஒட்டி, மேலும் வண்ணம் தீட்டுவர். மூன்றாம் வகுப்பில் வெறும் பலகையே இருக்கை. தொடக்கக் காலப் பெட்டிகளிற் கழிப்பிடம் இல்லை. இக்குறையால் வண்டியைத் தவறவிட்ட ஒகில் சந்திர சென் என்பார் 1909இல் எழுதிய முறையீட்டின் ஆங்கிலத்தை இன்றும் பலர் நகைப்பர். எமக்கு அது நகைப்பொருளன்று. பெட்டியின் அமைப்பைப் பயணியின் வாயிலாகவே அறிவிக்கும் அரிய சான்று.

எவை எஞ்சின என்று நோக்குவாம். வேல்சு இளவரசர்க்கென 1875இல் அமைந்த பெட்டி தில்லித் தேசியப் புகைவண்டி அருங்காட்சியகத்தில் உள்ளது. மைசூர் அரசரின் 1899ஆம் ஆண்டுச் சலூனும் ஆண்டே இருக்கின்றது. மன்னர் பெட்டி குறைவாக ஓடிற்று, அதனால் நிலைத்தது. மக்கள் பெட்டியோ ஓடித் தேய்ந்து உடைக்கப்பட்டது. காந்தியடிகள் 1917இல் தனி நூலே எழுதிய அம்மூன்றாம் வகுப்பு, 1974இல் பெயரளவிலும் ஒழிந்தது. பெரம்பூர்த் தொழிற்சாலை 1955 அக்டோபர் 2இல் தொடங்கிச் சுவிட்சர்லாந்தினர் துணையுடன் முழு எஃகுப் பெட்டிகளை வார்த்தபின், மரப்பெட்டி மெல்ல மறைந்தது. அரியலூர்க்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் 1956 நவம்பர் 23இல் தூத்துக்குடி விரைவு வண்டி வீழ்ந்ததும், அதனால் இலால் பகதூர் சாத்திரியார் அமைச்சுப் பதவி துறந்ததும் யாவரும் அறிவர். மாண்டோரைச் சுமந்த பெட்டிகள் யாவை, எவ்வாறு அமைந்தவை என்று வினவுவாரோ அரியர். இப்புறக்கணிப்பே ஒரு மூன்றாம் வகுப்புப் பெட்டி கிடைப்பினும் அதனை மன்னர் சலூனினும் மிக்க கவனத்தோடு போற்றுதற்குக் காரணமாகும்.

போற்றுதல் என்பது பளபளப்பாக்குதலன்று. உடையார்பாளையம் சமீனிற் கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர் வேங்கடசுப்பையர். அவர் மைந்தரே உ. வே. சாமிநாதையர். 1887இற் சீவக சிந்தாமணியை வெளியிட்ட அப்பெரியார், ஏடுகள் மாறுபடும் இடங்களிற் பாடபேதங்களைக் காட்டும் முறையைக் கைக்கொண்டார். தம் கருத்திற்கு ஒவ்வாத பாடத்தை மறைத்துவிடுதல் பதிப்பாசிரியர் கடமையன்று. இந்நெறி பெட்டிக்கும் ஒக்கும்.

பழம் பெட்டியின் வண்ணத்தை ஒரு சிறு வட்டமாகப் படிப்படியே தேய்த்தால், ஒவ்வொரு காலத்து நிறமும் வளையம் வளையமாக வெளிப்படும். அவ்வட்டம் ஓர் ஏட்டுச் சுவடிக்கு நிகர். அனைத்தையும் சுரண்டிவிட்டு மனத்திற்கு இனிய நிறமொன்றைப் பூசுவோர் அச்சுவடியை எரித்தவராவர். (ஈயம் கலந்த பழவண்ணத்தின் தூசு நஞ்சாதலின், தக்க காப்பின்றித் தேய்த்தலும் ஆகாது.) சன்னற்கண்ணாடி இறங்கும் உறையில் மழைநீர் தேங்கி அடிக்கட்டையை மக்கச் செய்யும். மக்கிய பகுதியை மட்டும் அறுத்துப் புதுத்தேக்கை ஒட்டுப்போடுதலே முறை. புதுக்கட்டையில் ஆண்டைப் பொறித்து, பார்வைக்கு எட்டாத உட்பக்கத்திலேனும் அது விளங்குமாறு செய்தல் வேண்டும்.

எந்த ஆண்டின் வடிவிற்கு மீட்பது என்பது கடினமான வினா. முதல் வடிவே மூலம் என்பார் உளர். பின்னர்ச் சேர்ந்த கழிப்பிடத்தையும் மின்விளக்கையும் அவர் கூற்றுப்படி அகற்றல் வேண்டும். அது மக்களின் முறையீட்டாற் கிடைத்த வரலாற்றை அழிப்பதாகும். எனவே சேர்க்கைகளைக் காத்தலே பொருத்தமென்பது எம் துணிபு.

மற்று, நீலகிரி மலைப்பாதையின் நிலை வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்க்கு 1899இலும், உதகைக்கு 1908இலும் வண்டி ஏறிற்று. 2005இல் அது உலக மரபுச்சின்னமாயிற்று. பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் பற்சட்டப் பாதையில் எஞ்சின் பின்னின்று தள்ளும். பெட்டியின் முன்தளத்திற் பிரேக்ஸ்மேன் நின்று தடையைக் கையாள்வார். ஆங்குப் பெட்டி ஓடாவிடின் அதன் அமைப்பிற்குப் பொருளில்லை. ஓடினாலோ உறுப்புகள் மாறியே தீரும். பொன்மலைப் பணிமனை இப்பாதைக்கெனப் பழைய முறையிற் புதிய நீராவி எஞ்சின்களையும் ஆக்கியுள்ளது. அவை மூல ஏடு அல்ல, நல்ல படிகள். படியென்று சொல்லி வைத்தல் போதும். ஓடும் பெட்டிக்கும் ஒரு சுவடி வேண்டும்: எந்தப் பலகை எந்நாளில் நீங்கிற்று, எந்தச் சக்கரம் எங்கிருந்து வந்தது, யார் கை அதனைப் பொருத்திற்று என்பன அதிற் பதிய வேண்டுவன. கழற்றிய கட்டையில் ஒரு துண்டையேனும் சீட்டுக் கட்டிப் பணிமனையிற் காத்தல் நன்று.